குடித்துச் செத்தவருக்கு எதற்குப் பத்து லட்சம் என்று கேட்பவர்களுக்கு

2024 ஜூன் மூன்றாம் வாரம். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிணங்கள் கிடத்தப்பட்டிருந்தன. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு ரூ.50 ஆயிரம் என்று தமிழக அரசு அறிவித்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி தமிழ்நாட்டைச் சுற்றி வருகிறது: குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?

இந்தக் கேள்வி டீக்கடையோடு நிற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்காகவே போனது. இறந்தவர்கள் சுதந்திரப் போராட்டத் தியாகிகளோ சமூகத்துக்காக உயிர் கொடுத்தவர்களோ அல்லர் என்பது மனுவின் வாதங்களில் ஒன்று. தொகை அதிகமாகத் தெரிகிறது என்று நீதிபதிகளும் விசாரணையின்போது குறிப்பிட்டார்கள். ஜூன் 29 அன்று மதுவிலக்குத் திருத்த மசோதா மீதான விவாதத்தில் அமைச்சர் துரைமுருகன், தெருவுக்குத் தெரு காவல் நிலையம் திறக்க முடியாது, மனிதன் தானாகத் திருந்த வேண்டும் என்ற பொருளில் பேசினார். மனுதாரரும் அமைச்சரும் டீக்கடைக்காரரும் வெவ்வேறு காரணங்களுக்காகப் பேசினாலும் மூவரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். நடந்தது ஒழுக்கக் கேட்டின் விளைவு. ஒழுக்கம் கெட்டவர்கள் செத்தவர்கள்.

இந்த நிலைப்பாட்டை அதன் முழு வலிமையோடு சொல்லிவிடுவதுதான் நியாயம். யாரும் அவர்களுடைய வாயைத் திறந்து ஊற்றவில்லை. கள்ளச்சாராயம் சட்டவிரோதம் என்று அவர்களுக்குத் தெரியும். ஓராண்டுக்கு முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே விஷத்தால் இறந்தார்கள். அந்தச் செய்தி எல்லோருக்கும் எட்டியது. பட்டாசு ஆலையில் உழைத்துச் செத்தவருக்கு அப்போது ரூ.3 லட்சம் அறிவித்த அரசு, குடித்துச் செத்தவருக்கு ரூ.10 லட்சம் தருவது உழைப்பை அவமதிப்பது. வரிப்பணம் இப்படிப் போனால் குடிக்கு ஊக்கம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதனை மனிதனாக நிறுத்துவது தன்னடக்கம். அது போன இடத்தில் சட்டமும் போலீசும் என்ன செய்யும்?

இதைச் சொல்பவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் இல்லை. குடிகாரக் கணவனோடு இருபது வருடம் வாழ்ந்த பெண்களும் இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கோபத்துக்கான உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் கடன் வாங்கி அதன்மேல் ஒரு ஒழுக்கக் கோட்பாட்டையே கட்டுகிறார்களே, அந்தக் கட்டடம் எந்தப் பக்கம் தட்டினாலும் பெயர்ந்து விழுகிறது.

1. தெரிந்தேதான் குடித்தார்களா?

எதைத் தெரிந்து? சாராயம் என்று தெரிந்து குடித்தார்கள். மெத்தனால் என்று தெரிந்து ஒருவர்கூடக் குடிக்கவில்லை. மெத்தனாலும் எத்தனாலும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெளிவாக இருக்கும்; வாசனையிலோ நாக்கிலோ சாமானிய மனிதரால் பிரித்தறிய முடியாது. குடித்த உடனே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. சாதாரண போதை போலத்தான் தொடங்கும். பிறகு கல்லீரலில் உள்ள நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றும்; அது ஃபார்மிக் அமிலமாக மாறும். பல மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல். கண் நரம்பை அமிலம் தாக்கிப் பார்வை மங்கும். பத்து மில்லி ஒருவரைக் குருடாக்கலாம், முப்பது மில்லி கொல்லலாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

ஒரு செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால் அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும். இது உலகத்தின் எந்த அற மரபிலும் பாலபாடம். போதைக்குச் சம்மதித்தவர் விஷத்துக்குச் சம்மதித்தவராக மாட்டார். கருணாபுரத்தில் முதல் சாவுகளின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அன்றே செய்திகள் வந்தன. சாவுக்குக் காரணம் அந்தச் சாராயம்தான் என்று தெரிந்திருந்தால் குடித்திருப்பார்களா? ஆனால் ஜூன் 19 அன்று அன்றைய மாவட்ட ஆட்சியர், கள்ளச்சாராயத்தால்தான் சாவு என்பது உறுதியாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் அரசு அவரை இடமாற்றம் செய்தது. காவல் கண்காணிப்பாளரைப் பணியிடைநீக்கம் செய்தது.

அறிவு எங்கே இருந்தது என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மெத்தனாலைத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று வாங்கித் திருப்பிவிட்டவருக்குத் தெரியும். தண்ணீரில் கலந்து பாக்கெட் போட்டவருக்குத் தெரியும். நகரின் நடுவில், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் விற்பனை நடந்தது என்பது காக்கிச் சட்டைக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கிழித்தவர். ஒழுக்கத் தராசை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நேராக அவரிடம்தான் போய் நின்றார்கள்.

அதே 2024-ஆம் ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மது குடித்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். உலகம் முழுவதும் நாளிதழ்கள் அவர்களுக்காகத் துக்கப்பட்டன. விஷம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுடைய அரசுகள் கேட்டன. கேட்டது சரி. அவர்கள் குடித்ததும் இன்பத்துக்காகத்தான். அவர்களைப் பார்த்து எவரும் ஒழுக்கம் பேசவில்லை, பேசியிருக்கவும் கூடாது. அப்படியானால் கருணாபுரத்தின் தினக்கூலிக்கும், துப்புரவுத் தொழிலாளிக்கும், சுமை தூக்குபவருக்கும் மட்டும் ஏன் வேறு அளவுகோல்? இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது.

2. டாஸ்மாக்கில் குடித்தவர் ஒழுக்கமானவரா?

இங்கேதான் வாதம் தன் காலிலேயே இடறுகிறது. குடி ஒழுக்கக் கேடு என்றால், 4,829 கடைகளில் 2023-24-ல் ரூ.45,855 கோடி வருவாய் தந்த அத்தனை பேரும் ஒழுக்கம் கெட்டவர்கள். அவர்களில் கல்லீரல் கெட்டு அரசு மருத்துவமனையில் சேர்பவருக்கு மருத்துவம் மறுக்க வேண்டும் என்று யாராவது சொல்கிறார்களா? இல்லை. சட்டத்தை மீறியதுதான் கேடு என்றால், அது குற்றவியல் வாதம். அதற்குத் தண்டனை சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்தத் தண்டனைகளில் குடும்பத்தைப் பட்டினி போடுவது இல்லை.

டாஸ்மாக்குக்கும் பாக்கெட் சாராயத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு விலையும் நேரமும். 2024 பிப்ரவரியில் விலை ஏறிய பிறகு டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டர் ரூ.140. கருணாபுரத்துப் பாக்கெட் ஏறக்குறைய ரூ.60. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் முழு நாள் கூலி ரூ.319. அரசுக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கும்; பாக்கெட் விடிகாலையிலேயே கிடைத்தது. விடிவதற்கு முன் சாக்கடையில் இறங்க வேண்டியவர், மூட்டை தூக்க வேண்டியவர் எந்தக் கடைக்குப் போவார் என்பது தெரிந்துதான் விற்றார்கள். வலியோடு வேலைக்குப் போகிறவர்கள் குடிக்கிறார்கள் என்பதைத் துரைமுருகனும் வேறு வார்த்தைகளில் ஒப்புக்கொண்டார்: கடுமையாக உழைப்பவர்களுக்கு அரசு மதுவின் போதை போதவில்லை என்றார். ஒப்புக்கொண்ட பிறகும் திருந்த வேண்டியவர் குடிப்பவர்தான் என்ற முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பதுதான் விளங்கவில்லை.

ஒரே நகரத்தில், ஒரே மாலையில், இரண்டு பேர் குடிக்கிறார்கள். ஒருவர் பையில் நூற்று நாற்பது இருந்தது. தள்ளாடி வீடு சேர்கிறார். இன்னொருவர் பையில் அறுபது இருந்தது, பிணவறைக்குப் போகிறார். செயல் ஒன்று, எண்ணம் ஒன்று, பழக்கம் ஒன்று. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் இத்தகைய நிலையைப் பற்றி விரிவாக விவாதித்தார்கள்: நம் கட்டுப்பாட்டில் இல்லாத விளைவுகளை வைத்து மனிதர்களின் ஒழுக்கத்தை மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று. கருணாபுரத்தில் அந்தப் பழக்கம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வீடு சேர்ந்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை. செத்தவர் மட்டும் ஒழுக்கம் கெட்டவராகிவிட்டார். இதில் ஒழுக்கத்தை அளந்தது எது? ஐந்து ரூபாய்த் தாள்களும் பத்து ரூபாய்த் தாள்களும்தான்.

3. பழி சுமத்தினால் குடி குறையுமா?

குறையாது. சாவுதான் கூடும். இதற்கு நாட்டிலேயே பெரிய சோதனை நடந்து முடிந்திருக்கிறது.

பீகாரில் 2016 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் செய்திகள் வந்தபோது, குடித்தால் சாவுதான் என்று முதலமைச்சர் நிதிஷ் குமார் சொன்னார். இழப்பீடு கிடையாது என்றார். கருணாபுரம் விஷயத்தில் நம்மவர்கள் கேட்கும் கொள்கை அங்கே அரசுக் கொள்கையாகவே இருந்தது. என்ன நடந்தது? நான்கு மாதத்தில், 2023 ஏப்ரலில், கிழக்குச் சம்பாரண் மாவட்டத்தில் மறுபடியும் சாவுகள். அதே முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து ரூ.4 லட்சம் தரப்படும் என்று அறிவித்தார். 2016 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அது உண்டு என்றார். இழப்பீடு இல்லை என்ற கண்டிப்பு ஒரு உயிரைக் காப்பாற்றியதாகக் காட்ட முடியாமல் கைவிடப்பட்டது. 1960-ல் மாநிலம் பிறந்த நாளிலிருந்து மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 2009-ல் அகமதாபாத்தில் நூறுக்கும் மேற்பட்டோர், 2022-ல் பொட்டாட் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

பழிச்சொல் எப்படிக் கொல்கிறது என்பதை மருத்துவம் தெளிவாகச் சொல்லும். மெத்தனால் விஷத்துக்கு முறிவு உண்டு. ஃபோமெபிசோல் மருந்து உண்டு. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் அளவாகக் கொடுக்கும் எத்தனாலே கல்லீரல் நொதியை மறித்துப் பிடிக்கும். டயாலிசிஸ் இரத்தத்திலிருந்து விஷத்தை வெளியேற்றும். எல்லாம் நேரத்தோடு நடந்தால். ஃபார்மிக் அமிலம் உடலில் தேங்கிய பிறகு கண்ணையும் உயிரையும் மீட்பது கடினம். எனவே ஒரு மணி நேரம் முன்னால் வந்தவர் பிழைக்கிறார்; வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர் சாகிறார். கள்ளச்சாராயம் குடித்தேன் என்று மருத்துவரிடம் சொல்வது வெட்கம் என்று ஒருவருக்குச் சமூகம் கற்பித்திருந்தால், வயிற்றுக் கோளாறு என்றுதான் சொல்வார். சொன்னால் வழக்கு வரும் என்று குடும்பம் பயந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கும். பீகாரில் குடும்பங்கள் காரணத்தை மறைத்தன என்று செய்தியாளர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். கேடான பழக்கத்தைத் திருத்துகிறேன் என்று கிளம்பிய கண்டிப்பு, சிகிச்சைக்கு வரும் வழியை அடைத்தது. ஒரு ஒழுக்க விதியின் மதிப்பை அது மனிதர்களை என்ன செய்ய வைக்கிறது என்பதைக் கொண்டுதான் அறிய முடியும். இந்த விதி மனிதர்களை மறைந்து சாக வைக்கிறது.

பத்து லட்சம் கிடைக்கும் என்பதற்காக ஒருவர் விஷம் கலந்த சாராயத்தைத் தேடிக் குடிப்பார் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அது மனிதரைப் பற்றிய எந்த அனுபவத்திலிருந்தும் பிறக்கவில்லை.

4. அந்தப் பணம் யாருக்கு?

இந்த விவாதத்தில் மிகச் சுலபமாகக் காணாமல்போன கேள்வி இது. இறந்தவருக்குப் பணம் போகவில்லை; போகவும் முடியாது. மனைவிக்குப் போனது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் போனது. மகனைப் புதைத்த தாய்க்குப் போனது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். தாய் தந்தை இருவரையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகளும் இருந்தார்கள். இரு பெற்றோரையும் இழந்த குழந்தைக்கு ரூ.5 லட்சம் வைப்புத்தொகை, 18 வயது வரை மாதம் ரூ.5 ஆயிரம், படிப்புச் செலவு என்று அரசு தனியாகவும் அறிவித்தது.

குடிப்பவர் யாருக்குக் கடன்பட்டவர்? அவருடைய குடியால் அடி வாங்கியவளுக்கு, பசியோடு தூங்கியவளுக்கு, நகையை அடகு வைத்தவளுக்கு. குடிப்பவரின் தவறு உண்மையானது. அதை மறுப்பது அந்தப் பெண்ணை இரண்டாம் முறை அவமதிப்பதாகும். ஆனால் அந்தத் தவறுக்குத் தண்டனையாக இழப்பீட்டை நிறுத்துங்கள் என்று சொல்லும்போது தண்டனை யார்மேல் விழுகிறது? தவறிழைத்தவர் மண்ணுக்குள் போய்விட்டார். அவரால் வதைபட்டவளே மறுபடியும் வதைபடுகிறாள். குற்றத்துக்குப் பலியானவரைக் குற்றத்துக்காகத் தண்டிக்கும் ஏற்பாட்டுக்கு ஒழுக்கம் என்ற பெயரை எப்படிக் கொடுப்பது?

சட்டமே இதைவிட முதிர்ச்சியாக நடந்துகொள்கிறது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டியவர் லாரி மோதி இறந்தால், அவருடைய கவனக்குறைவுக்கு ஒரு பங்கைத் தீர்ப்பாயம் கழிப்பதுண்டு. லாரிக்காரரை விடுவித்துவிட்டு, செத்தவன் ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக் குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. பொறுப்பைப் பங்கு பிரித்துப் பார்ப்பது ஒன்று. ஒருவர் பங்கைக் காட்டி மற்ற அத்தனை பேரின் பங்கையும் அழிப்பது வேறு.

பட்டாசுத் தொழிலாளியின் ரூ.3 லட்சம் பற்றிய கோபம் மட்டும் முழுக்க நியாயம். சாத்தூரிலும் சிவகாசியிலும் வெடித்துச் சிதறிய உடல்களுக்கு மூன்று லட்சம் அறிவித்தது வெட்கக்கேடு. இந்தக் கோபம் உண்மையாக இருந்தால் அதை உயர்த்தச் சொல்லித் தெருவுக்கு வரட்டும். ஒரு ஏழையின் வீட்டுக்குப் போனதைப் பிடுங்கினால் இன்னொரு ஏழையின் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது.

5. கல்வராயன் மலை எந்தக் குற்றத்தைச் செய்தது?

கருணாபுரத்தில் பிணம் விழுந்த மறுநாளே பார்வை மேற்கே உள்ள கல்வராயன் மலைப் பக்கம் திரும்பியது. மலைக்காரர்கள் சாராயம் காய்ச்சுகிறவர்கள், ஒழுக்கம் என்றால் என்னவென்று அறியாதவர்கள் என்ற பழைய பேச்சு மறுபடியும் கிளம்பியது. போலீஸ் மலையேறியது. ஊறல் பேரல்களைக் கவிழ்க்கும் படங்கள் நாளிதழ்களில் வந்தன.

முதலில் வேதியியல். மலையில் போடும் ஊறல் வெல்லமும் வேலம்பட்டையும் தண்ணீரும் சேர்ந்து புளிப்பது. அதைக் காய்ச்சினால் வருவது எத்தனால். அது உடலுக்கு நல்லதில்லை, சட்டவிரோதமும்கூட. ஆனால் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கும் அளவு மெத்தனால் வெல்ல ஊறலில் விளையாது. அது தொழிற்சாலைப் பொருள். கருணாபுரத்தில் கொன்ற விஷம் தொழிற்சாலை உலகத்திலிருந்து, பில்லும் பேரேடும் உள்ள வியாபாரத்திலிருந்து கசிந்து வந்தது. மெத்தனாலின் இருப்பையும் விற்பனையையும் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு எழுத வேண்டியவர்கள் சமவெளியில், அலுவலகங்களில் இருக்கிறார்கள். ஊறலுக்கான வெல்லமும் மலையில் விளைவதில்லை. கரும்பு சமவெளிப் பயிர். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலைகளைச் சுற்றியுள்ள நாடு அது.

அடுத்தது வரலாறு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கீழ் வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை அடைந்து, ஜமீன்கள் ஒழிந்து, அரசியலமைப்பு வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகு, 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தன. 1976 வரை இந்த மலைக்குக் குடியரசு ஏறவில்லை. அதன் பிறகும் சாலையும் மருத்துவமனையும் மெதுவாகத்தான் ஏறின. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் இந்த மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கு எடுத்துச் சாலை, மருத்துவம், கல்வி, வேலை பற்றி அரசிடம் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்க 65-க்கும் மேற்பட்ட பிணங்கள் தேவைப்பட்டன.

மலைமேல் காய்ச்சுவோர் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களை நியாயப்படுத்த இந்தக் கட்டுரைக்கு எண்ணமில்லை. வெள்ளிமலைச் சந்தைக்குத் தன் விளைச்சலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெரும்பான்மை மக்களை ஒரே வார்த்தையில் ஒழுக்கம் கெட்டவர்களாக்குவதைத்தான் அது மறுக்கிறது. இந்தப் பழக்கம் புதிதல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து செம்மரம் வெட்டப் போன ஏழைகள். அன்றும் இதே பேச்சு எழுந்தது: கடத்தல்காரர்கள்தானே, எதற்கு அங்கே போனார்கள்? செம்மரத்தை வாங்கிக் கப்பலேற்றியவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் கவலைப்படவில்லை.

6. ஒழுக்கம் தனிமனிதருடையதுதானே?

ஆம். இதை முழுமனதோடு ஏற்றுக்கொள்ளலாம். சட்டம் எட்டாத இடத்தில் மனிதரின் உள்மனம்தான் காவல் என்பதையும் ஏற்கலாம். ஏற்றுக்கொண்டு அந்தச் சங்கிலியின் தனிமனிதர்களை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். மெத்தனால் டிரம்மை வாசல் தாண்டி விட்டவர் ஒரு தனிமனிதர். அதை வேறு பெயரில் ஏற்றி வந்த ஓட்டுநர் ஒரு தனிமனிதர். மாமூல் வாங்கியவர் இருந்தால் அவரும் தனிமனிதர். முக்கிய விற்பனையாளர்மீது ஏற்கெனவே பல வழக்குகள் இருந்தன; அவர் மறுபடியும் மறுபடியும் வெளியே வந்து அதே தொழிலை அதே இடத்தில் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பல தனிமனிதர்கள். ஊர் நடுவில் இவ்வளவு காலம் விற்பனை நடந்தது, போலீஸ் கண்டும் காணாமல் இருந்ததைத்தான் காட்டுகிறது என்ற கருத்தோடுதான் 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. மாநில அரசின் மேல்முறையீட்டை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இவர்களில் ஒவ்வொருவருக்கும் வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. பசியும் உடல்வலியும் பழக்கமும் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எவ்வளவு அதிகமோ ஒழுக்கப் பொறுப்பும் அவ்வளவு அதிகம் என்றால், பட்டியலின் கடைசியில் வர வேண்டியவர் பாக்கெட் வாங்கியவர்.

திருக்குறளை இந்த விவாதத்தில் எடுத்து வீசுகிறார்கள். கள்ளுண்ணாமை என்ற அதிகாரம் இருக்கிறது, உண்மை. அது எங்கே இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில், 93-ஆம் அதிகாரமாக இருக்கிறது. அதே பொருட்பாலில்தான் செங்கோன்மை 55-ஆவதாகவும், கொடுங்கோன்மை 56-ஆவதாகவும் நிற்கின்றன. குடிப்பவனுக்குச் சொன்ன வள்ளுவர், அவனுக்கு முப்பத்தேழு அதிகாரம் முன்பே ஆள்பவனுக்குச் சொல்லிவிட்டார். பின்னதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு முன்னதை மறப்பவர்களின் கையில் அந்த நூல் ஏழையை அடிக்கும் பிரம்பாகிவிடுகிறது. நம் அரசியலமைப்பும் இந்த விஷயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மதுவை ஒழிக்க முயலும் கடமையை 47-ஆம் பிரிவு குடிமகன்மேல் வைக்கவில்லை, அரசின்மேல் வைத்தது.

2024 அக்டோபர் 2 அன்று, கருணாபுரம் இருக்கும் அதே மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டையில், விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்குப் பெண்கள் பெருந்திரளாக வந்தார்கள். குடியால் அதிகம் இழந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கோரிக்கை அரசைப் பார்த்து இருந்தது. மதுவிலக்கு நடைமுறையில் பயன் தருமா என்பது தனி விவாதம். பீகாரையும் குஜராத்தையும் பார்த்தால் சந்தேகம் வருகிறது. ஆனால் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் அந்தப் பெண்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

அரசு தன் பங்குக்குச் சட்டத்தைக் கடுமையாக்கியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை, ரூ.10 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று 2024 ஜூன் 29-ல் திருத்தம் நிறைவேறியது. காய்ச்சுபவருக்கும் விற்பவருக்கும் அது பயம் தரலாம். கண்டும் காணாமல் இருந்த அதிகாரிக்குப் பயம் தர அதில் எந்த வழியும் வலுவாக இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையிலான ஆணையமும் சிபிஐ விசாரணையும் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவை. மரக்காணத்தில் விஷம் வந்த வழி 2023-லேயே முழுமையாக அடைக்கப்பட்டிருந்தால், பதின்மூன்று மாதம் கழித்து கருணாபுரத்துக்கு அது வந்திருக்காது. குடித்தவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி விவாதித்துச் செலவழித்த நேரத்தில் பாதியை, மாவட்டத்தில் மெத்தனால் உரிமம் யார் யாருக்கு இருக்கிறது, கடந்த ஆண்டு எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு பயன்படுத்தினார்கள், மிச்சம் எங்கே என்று கேட்பதில் செலவழித்தால் போதும். அந்தப் பேரேடு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. அதைத் திறந்து காட்டும்படி ஆட்சியரிடம் மனுக் கொடுக்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு.